எவ்வளவு வெளிச்சம் போதும்?

நான் வேலை செய்யும் றெஸ்ரோறன்ரின் வாசலோடு ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. 120 சென்ரிமீற்றர் நீளம், 50 அகலம், 50 உயரம். உள்ளே 300 லீற்றருக்குக் கொஞ்சம் குறைவாக உப்புத்தண்ணீர், சில மீன்கள், கற்கள், கற்களின் மேல் உயிருள்ள முருகைகள். கடலுணவு விற்கும் இடத்துக்கு அது அழகு என்று முதலாளி வாங்கிவைத்தார். மாதமொருமுறை வந்து அதைப் பார்த்துப்போன மனிதர் வயது போய் நின்றுவிட்டார். "நீ யூனிவேர்சிற்றிக்குப் போனவன்தானே, உனக்கு விளங்கும்" என்று சொல்லி முதலாளி அந்த வேலையை என்னிடம் தந்தார். போனது உண்மைதான். யாழ்ப்பாணத்தில் மெய்யியல் படித்தேன், இரண்டு வருடம். 2008இல் விட்டுவிட்டு வந்தது இன்றைக்கும் விட்ட இடத்திலேயே கிடக்கிறது. மெய்யியலுக்கும் மீன்தொட்டிக்கும் என்ன உறவு என்று நான் முதலாளியிடம் கேட்கவில்லை. கோப்பை கழுவுவதிலிருந்து நாளுக்கு ஒரு மணித்தியாலம் தப்பலாம் என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

அந்த ஒரு மணித்தியாலம் எனக்குள் ஒரு கேள்வியைக் கிளப்பிவிட்டது. ஒருவருக்கு நன்மை என்று நாம் உறுதியாக நம்பும் ஒன்றை எவ்வளவு கொடுப்பது, எவ்வளவு வேகமாகக் கொடுப்பது, யாருடைய அளவுகோலால் அளந்து கொடுப்பது? கேள்வி பழையது. எனக்கு அது ஒரு விளக்கின் வடிவத்தில் வந்தது.

*

பவளம் என்றால் எங்கள் ஆட்களுக்கு நகைதான் நினைவுக்கு வரும். பள்ளிக்கூடத்துப் புவியியலில் முருகைக்கல் என்று படித்தோம். என்னுடைய அம்மம்மாவின் ஊர் நெடுந்தீவு. அங்கே வளவுகளுக்குக் கிடுகு வேலி இல்லை. முருகைக்கற்களைச் சாந்து பூசாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மதில்தான் வேலி. சின்ன வயதில் அந்தக் கற்களின் துளைகளுக்குள் விரலை விட்டு விளையாடியிருக்கிறேன். ஒவ்வொரு துளையும் ஓர் உயிர் குடியிருந்த அறை என்பது அப்போது எனக்குத் தெரியாது. கடலால் சூழப்பட்ட ஊரில் முருகையைச் செத்த கல்லாக மட்டுமே கண்டேன். உயிரோடு அதை முதன்முதலாகப் பார்த்தது ஜேர்மனியில், முப்பது வயது கடந்தபின், சாப்பாட்டுக்கடை வாசலில்.

முருகை ஒரு விலங்கு. ஒரு வாய், அதைச் சுற்றிச் சிறு கைகள், கீழே அது தானே கட்டிக்கொள்ளும் சுண்ணாம்பு வீடு. அதன் தசைக்குள் கண்ணுக்குத் தெரியாத அல்காக்கள் வாழ்கின்றன. அவை வெளிச்சத்தைக் கொண்டு ஒளித்தொகுப்புச் செய்து, கிடைக்கும் உணவின் பெரும்பகுதியை முருகைக்குக் கொடுத்துவிடுகின்றன. ஆழமில்லாத கடலில் வாழும் முருகையொன்றுக்குத் தேவையான சக்தியில் 90 வீதம் வரைகூட இப்படிக் கிடைக்கலாம். முருகை பதிலுக்கு இருப்பிடமும் தன் கழிவிலிருந்து போசணையும் கொடுக்கிறது. வாடகைக்கு இருப்பவன் சமைத்துப்போட வீட்டுக்காரன் உட்கார்ந்து சாப்பிடுவது போன்ற ஏற்பாடு. ஆகவே முருகைக்கு வெளிச்சம் என்பது பார்ப்பதற்கு உதவும் பொருள் அல்ல, அது சோறு.

இதை வாசித்து அறிந்தவுடன் நான் வந்தடைந்த முடிவு, சோறு கூடினால் வளர்ச்சியும் கூடும் என்பதுதான்.

*

தொட்டிக்கு மேலே ஆறு ரி-5 ரியூப்கள் இருந்தன. ஒவ்வொன்றும் 54 வோட். இப்படியான ரியூப்களை ஒரு வருடத்துக்கொருமுறையாவது மாற்றவேண்டும். எரிந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் வெளிச்சத்தின் அளவும் நிறமும் மெல்ல மெல்ல விழுந்துவிடும். எங்கள் ரியூப்கள் மூன்று வருடமாக மாற்றப்படவில்லை. 2023 ஓகஸ்ட்டிலிருந்து பாதரசம் உள்ள பொதுப் பாவனைக்கான ரி-5, ரி-8 ரியூப்களை ஐரோப்பிய ஒன்றியம் புதிதாகச் சந்தைக்கு விட அனுமதிப்பதில்லை. முதலாளி அதைச் சாட்டாக வைத்து எல்.ஈ.டி. விளக்கு இரண்டு வாங்கிவந்தார். விலை என் ஒரு மாதச் சம்பளத்துக்குக் கிட்ட. கீழே கெல்லரில் நாங்கள் மரக்கறி வெட்டும் இடத்தில் ஒரு ரியூப் இரண்டு மாதமாகத் துடித்துத் துடித்து எரிந்துகொண்டிருந்தது. அதை மாற்ற அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. இதை முறைப்பாடாகச் சொல்லவில்லை. எங்கே வெளிச்சம் போடப்படுகிறது என்பது யார் அதைப் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

புதிய விளக்கைப் பூட்டி, பழைய வெளிச்சத்தைப் போலக் கண்ணுக்குப் படும்வரை கூட்டிக்கொண்டு போனேன். 80 வீதத்தில் நிறுத்தினேன். என் கண்ணுக்கு அது பழையதைவிடக் கொஞ்சம் மங்கலாகவே இருந்தது. அந்த மங்கலில்தான் பிழை ஒளிந்திருந்தது.

மனிதக் கண் பச்சையை நன்றாகப் பார்க்கும், 555 நனோமீற்றர் அளவில் அதன் கூர்மை உச்சம். நீலத்தை அது குறைத்துத்தான் காணும். முருகையின் அல்காவோ நீலத்தைத்தான் விரும்பி உண்ணும். கடலில் சிவப்பு நிறம் முதல் சில மீற்றர்களுக்குள்ளேயே விழுங்கப்பட்டுவிட, ஆழத்துக்கு இறங்கிச்செல்வது நீலம்தான். முருகைத் தொட்டிக்கான எல்.ஈ.டி. விளக்குகள் ஆகவே நீலம் மிகுந்தவை. எனக்கு மங்கலாகப்பட்ட அந்த விளக்கு முருகைக்கு வெய்யிலாக எரிந்தது.

மூன்றாம் நாள், சுத்தியல் போன்ற நுனிகளுள்ளதால் ஜேர்மனியர் சுத்தியல் முருகை என்று அழைக்கும் ஒன்று, கைகளை உள்ளே இழுத்துக்கொண்டது. பசி என்று நினைத்து உணவு போட்டேன். ஆறாம் நாள் வெளிறத் தொடங்கியது. பத்தாம் நாள் அதன் ஏழு தலைகளும் வெள்ளை. சாப்பிட வந்த ஒரு பெண்மணி அதைப் பார்த்து, எவ்வளவு அழகான வெள்ளை என்றார்.

வெளிறல் என்பது என்ன? வெளிச்சம் அளவுக்கு மீறும்போது அல்காவின் ஒளித்தொகுப்புப் பொறிமுறை பழுதடைகிறது. தாக்குத்தன்மை மிகுந்த ஒட்சிசன் பிறந்து கலங்களைச் சேதப்படுத்துகிறது. முருகை தனக்குச் சோறுபோடும் அல்காக்களையே வெளியேற்றிவிடுகிறது. நிறம் அவர்களுடையது, அவர்கள் போனால் கண்ணாடி போன்ற தசையூடாகக் கீழே உள்ள சுண்ணாம்பு தெரியும். அந்த நிலையில் முருகை இன்னும் செத்துவிடவில்லை. பட்டினி கிடக்கத் தொடங்கியிருக்கிறது.

*

எங்கள் நகரத்தில் மீன்தொட்டி வைத்திருப்போர் சங்கம் ஒன்று உண்டு. அங்கே ஒரு ஜேர்மன் முதியவரிடம் ஒளி அளக்கும் மீற்றர் இருந்தது. அவர் அதை எடுத்துக்கொண்டு ஒரு திங்கட்கிழமை, கடை பூட்டியிருந்த நாளில் வந்தார். அந்த மீற்றர் ஒளித்தொகுப்புக்குப் பயன்படும் 400 முதல் 700 நனோமீற்றர் வரையான கதிர்களை எண்ணும். ஒரு சதுர மீற்றரில் ஒரு செக்கனுக்கு எத்தனை மைக்ரோமோல் என்பது அதன் கணக்கு. வெப்பமண்டலத்து நடுப்பகல் வெய்யில் கடல் மேற்பரப்பில் ஏறத்தாழ 2000. சுத்தியல் முருகை போன்றவைக்கு 75 முதல் 150 வரை போதும். கிளைகளாக வளரும் சில கல்முருகைகளுக்கு 200 முதல் 400 வரை வேண்டும். பழைய ரியூப்களை மீண்டும் பூட்டி அளந்தோம், 70. எல்.ஈ.டி.யை நான் வைத்திருந்த 80 வீதத்தில் அளந்தோம், 350.

கிழவர் என்னைத் திட்டவில்லை. ஒரேயொரு கேள்வி கேட்டார். "இது முன்பு எந்த வெளிச்சத்தில் இருந்தது என்று பார்த்தாயா?"

பிறகு அவர் சொல்லித்தந்தவை எளிமையானவை. விளக்கை மீற்றர் 70 காட்டும் இடத்துக்கு இறக்கு. அங்கிருந்து வாரத்துக்கு ஒருமுறை இரண்டு மூன்று வீதம் மட்டும் கூட்டு. சுருங்கினால் உடனே பின்வாங்கு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. வெளிச்சத்தையும் கூட்டி, முருகையின் இடத்தையும் மாற்றினால் எதனால் நோய் வந்தது என்று பிறகு அறியமுடியாது. விளக்கு ஒன்றுதான், ஆனால் இடங்கள் பல. கூட வேண்டியதை மேலே வை, குறைய வேண்டியதைக் கீழே வை, இன்னும் குறைய வேண்டியதைக் கல்லின் நிழலில் வை. முழு வெளிச்சம் எட்டு மணித்தியாலம் போதும், முன்னும் பின்னும் மங்கலான நீலம், மிச்சம் இருட்டு.

இருட்டு என்றதும் முதலாளி ஒப்புக்கொள்ளவில்லை. கடை இரவு பதினொரு மணிவரை திறந்திருக்கும், காசு கொடுத்து வருபவன் இருண்ட தொட்டியையா பார்ப்பது என்றார். அவர் கேட்டதில் ஒரு நேர்மை இருந்தது. அவருக்கு அந்த வெளிச்சம் பார்ப்பவனுக்காக, தன்னைக் காட்டிக்கொள்வதற்காக. எனக்கும் உள்ளூர அப்படித்தான் இருந்திருக்கிறது, நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை என்பதுதான் வித்தியாசம். இருட்டிலும் முருகைக்கு வேலை உண்டு. பல முருகைகள் இரவில்தான் கைகளை முழுதாக விரித்து இரைபிடிக்கின்றன. இலண்டனில் ஹோர்னிமன் அருங்காட்சியகத்தில் 2012இல் தொடங்கிய ஓர் ஆய்வில், தொட்டி முருகைகளுக்குப் பருவங்களின் வெப்பத்தையும் சூரியனின் நாளையும் மட்டுமல்ல, நிலவின் வளர்பிறை தேய்பிறையையும் விளக்கால் செய்துகாட்டினார்கள். கடலில் செய்வதுபோலவே அவை முட்டையும் விந்தும் வெளியிட்டன. நிலவு தெரிவதற்கு முதலில் இரவு இருக்கவேண்டும்.

*

இங்கே என் கதையில் இன்னொருவரைச் சொல்லவேண்டியிருக்கிறது. சொல்லாமல்விட்டால் இந்தக் கட்டுரை மீனுக்குத் தீனிபோடும் கட்டுரையாகவே முடிந்துவிடும்.

எங்கள் குசினிக்குக் கோப்பை கழுவ ஒரு பொடியன் வந்தான். வன்னியில் பிறந்தவன். 2009இல் அவனுக்கு ஆறு வயது. கடைக்கு மேலே உள்ள அறையை என்னோடு பங்குபோட்டான். அதிகம் பேசமாட்டான். என்னை அண்ணை என்று அழைத்தான். நான் அவனைத் தம்பி என்றேன், தம்பியாகவே நினைத்தேன். அவனை இருட்டிலிருந்து வெளியே கொண்டுவரவேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி. மொழி வகுப்பில் சேர்த்தேன். ஹம் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்குக் கூட்டிக்கொண்டு போனேன், அந்தச் சனக்கூட்டத்தின் நடுவில் அவன் வேர்த்துப்போய் நின்றதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டேன். மே மாதத்து நினைவுகூட்டமொன்றில் பேசும்படி கேட்டேன். "நீ கண்டதைச் சொல்லு, சொன்னால் பாரம் இறங்கும்" என்றேன். அவன் மறுக்கவில்லை. எனக்காக ஏறினான். ஒலிவாங்கிக்கு முன்னால் கொஞ்சநேரம் நின்றுவிட்டு இறங்கிவந்தான்.

அதன்பிறகு வேலை முடிந்து வந்தால் அறையில் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருப்பான். நான் வந்து போடுவேன். ஒருநாள் சொன்னான்.

"அண்ணை, லைற்றைப் போடாதேங்கோ. கொஞ்சம் இருட்டா இருக்கட்டும்."

"இருட்டுக்குள்ள இருந்தா மனம் இன்னும் கெட்டுப்போகும் தம்பி" என்று சொல்லிக்கொண்டே சுவிச்சைத் தட்டினேன்.

அவன் எழும்பி வெளியே போனான். இரண்டு கிழமையில் வேறு நகரத்திலுள்ள சிநேகிதர்களிடம் போய்விட்டான். போகும்போது அறையைக் கூட்டித் துடைத்துவிட்டுப் போயிருந்தான்.

முருகை வெளிறியது இதற்கு நாலு மாதம் பிந்தி. வெள்ளையான அந்த ஏழு தலைகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் நான் எத்தனை வீதத்தில் அவனுக்கு விளக்கைப் போட்டிருந்தேன் என்று முதன்முதலாக யோசித்தேன்.

*

பிளேட்டோவின் 'குடியரசு' நூலின் ஏழாம் பகுதியில் வரும் குகைக் கதையை வாசகர்கள் அறிந்திருப்பார்கள். குகைக்குள் கட்டுண்டு, சுவரில் விழும் நிழல்களையே உண்மை என்று நம்பி வாழும் மனிதர்கள். அவர்களில் ஒருவன் விடுவிக்கப்பட்டு வெளிச்சத்துக்குக் கொண்டுவரப்படுகிறான். கண் கூசுகிறது, வலிக்கிறது. பிளேட்டோ அந்த வலியை மறைக்கவில்லை. அவன் முதலில் நிழல்களையும், பிறகு தண்ணீரில் தெரியும் பிம்பங்களையும், பிறகு பொருட்களையும், பிறகு இரவில் நிலவையும் நட்சத்திரங்களையும் பார்த்துப் பழகி, கடைசியாகத்தான் சூரியனைப் பார்க்க வல்லவனாவான் என்று படிப்படியாக எழுதுகிறார். கிழவர் எனக்குச் சொல்லித்தந்த வாரத்துக்கு மூன்று வீதம் என்ற கணக்குக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

விரிவுரையில் இந்தக் கதையைப் படித்தபோது சூரியன் எதைக் குறிக்கிறது, நிழல் எதைக் குறிக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதினோம். கதைக்குள் இன்னொரு ஆள் நிற்கிறார். கரடுமுரடான செங்குத்துப் பாதையில் கைதியைப் பலவந்தமாக இழுத்துக்கொண்டு வருகிற அந்த யாரோ ஒருவர். அவருக்குப் பெயரில்லை. அவரைப்பற்றி நாங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. அது சோதனைக்கு வராத கேள்வி.

ஆனால் எங்கள் தலைமுறைக்கு அந்த ஆளை நன்றாகத் தெரியும். விடுதலையின் பெயரால் வன்னியில் வீட்டுக்கொருவர் என்று கேட்டு வந்தவர் அவர்தான். 2009இல் குண்டுபோட்டதற்கு மனிதாபிமான நடவடிக்கை என்று பெயர்வைத்தவரும் அவர்தான். இரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுப்பது என் நோக்கமில்லை. இருவரும் பேசிய வாக்கியத்தின் இலக்கணம் ஒன்று என்பதைத்தான் சொல்கிறேன். உன் நன்மைக்காக, நான் தீர்மானித்த அளவில், நான் தீர்மானித்த வேகத்தில். அந்த வாக்கியத்தை வெறுத்துக்கொண்டுதான் நான் நாட்டைவிட்டு வந்தேன். அறையில் சுவிச்சைத் தட்டியபோது அதே வாக்கியத்தைச் சின்ன எழுத்தில் எழுதினேன்.

*

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்கிறோம். பழமொழி சரி. அளவு யாருடையது என்பதை அது சொல்வதில்லை.

அரிஸ்ரோட்டில் அதைக் கேட்டார். நற்பண்பு மிகைக்கும் குறைக்கும் இடையில் உள்ளது என்று அவர் சொன்னதைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். அந்த நடு, எண்களின் நடு அல்ல, நமக்குச் சார்பான நடு என்று அவர் அடுத்தே சொல்வதை மறந்துவிடுவார்கள். அதற்கு அவர் தரும் உதாரணம் ஒரு மல்யுத்த வீரன். பத்து மினா சாப்பாடு கூட, இரண்டு மினா குறைவு என்றால் எல்லோருக்கும் ஆறு மினா கொடு என்று பயிற்சியாளன் சொல்லமாட்டான். மைலோ என்ற வீரனுக்கு ஆறு போதாது, இப்போதுதான் பழகத் தொடங்குபவனுக்கு ஆறு அதிகம்.

தொட்டி இதனோடு இரண்டு விடயங்களைச் சேர்க்கச் சொல்கிறது. ஒன்று, வந்த வழி. ஒரே இனத்து முருகை ஒன்று இரண்டு மீற்றர் ஆழத்திலும் இன்னொன்று பதினைந்து மீற்றர் ஆழத்திலும் வளர்ந்திருந்தால் இரண்டுக்கும் ஒரே வெளிச்சத்தை முதல்நாளே கொடுக்க முடியாது. அது என்ன இனம் என்பது போதாது, எங்கே இருந்தது என்று தெரியவேண்டும். மற்றது, இன்றைய நிலை. கடல்நீர் வழக்கத்தைவிட ஒரு பாகையளவு சூடாகி வாரக்கணக்கில் அப்படியே நின்றால், நேற்றுவரை முருகை தாங்கிய அதே வெய்யில் அதற்கு மிகையாகிவிடுகிறது. வெளிச்சம் கூடவில்லை, தாங்கும் சக்தி குறைந்துவிட்டது. 1998இல் ஹிக்கடுவை முருகைகள் வெளிறி இறந்ததும் இப்படித்தான். 2023இல் தொடங்கிய உலகளாவிய வெளிறலில், 2025இன் முற்பகுதிவரை உலகின் முருகைப்பார்ப் பரப்பில் ஏறத்தாழ 84 வீதம் வெளிறச்செய்யும் அளவு வெப்பத்துக்கு உள்ளானது.

நான் பொடியனுக்குக் கொடுத்தது, இன்னொருவருக்கு நல்ல அளவாகவே இருந்திருக்கலாம். கோயிலும் கூட்டமும் பேச்சும் எத்தனையோ பேரை இங்கே உயிரோடு வைத்திருக்கின்றன. அவன் ஏற்கனவே சூடேறிய தண்ணீரில் இருந்தான். நான் வெளிச்சத்தை அளந்தேனே தவிரத் தண்ணீரைத் தொட்டுப்பார்க்கவில்லை.

*

அப்படியானால் யாரையும் தொடாமல் விட்டுவிடுவதுதான் நல்லதா? என் சிநேகிதர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு அப்படித்தான் சொன்னார். "மச்சான், அவனவனை அவனவன் பாட்டில விடு." இது இப்போது எங்களிடையே பரவலான ஞானம். எனக்கு அதில் சம்மதமில்லை, அதற்கான காரணத்தையும் தொட்டியே காட்டியது.

மிகை உடனே தெரியும். பத்து நாளில் வெள்ளை, எல்லோரும் பார்ப்பார்கள், கைநீட்டிக் குற்றம் சொல்ல ஆள் இருக்கும். குறை அப்படித் தெரியாது. வெளிச்சம் போதாத முருகை முதலில் மண்ணிறமாகும், கிடைக்கும் கொஞ்ச வெளிச்சத்தைப் பிடிக்க அல்காவைப் பெருக்கிக்கொள்ளும். பார்ப்பவனுக்கு அது சுகமாயிருப்பதுபோல் தோன்றும். பிறகு மாதக்கணக்கில் மெல்லச் சுருங்கும். கடைசியில் செத்தால் என்ன காரணம் என்று யாரும் கேட்கமாட்டார்கள். கொடுத்துக் கெடுத்தவனுக்குப் பெயர் கெடும். கொடாமல் கெடுத்தவன் பெயர் எந்தப் பதிவிலும் வராது. தன் பெயரைக் காப்பாற்ற விரும்புபவன் எப்போதும் குறைவின் பக்கமே சாய்வான்.

தாவரவியலில் ஈடுசெய் புள்ளி என்று ஒன்று உண்டு. ஒளித்தொகுப்பால் வருவதும் சுவாசத்தால் செலவாவதும் சமமாகும் வெளிச்ச அளவு. அந்தப் புள்ளியில் உயிர் இருக்கும், வளர்ச்சி இருக்காது. இங்கே டுல்டுங் என்ற கடதாசியோடு வருடக்கணக்கில் இருந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. அது வதிவிட உரிமை அல்ல, நாடுகடத்தலைத் தற்காலிகமாக நிறுத்திவைத்திருக்கிறோம் என்ற அறிவிப்பு. சொல்லின் பொருள் பொறுத்துக்கொள்ளல். சாகவிடமாட்டார்கள், மூன்று மாதம், ஆறு மாதம் என்று நீட்டித் தருவார்கள். ஈடுசெய் புள்ளியில் விளக்கை நிறுத்திவைத்திருக்கும் ஏற்பாடு. அதில் எந்தக் கொடுமையும் கண்ணுக்குத் தெரியாது. அவனவனை அவனவன் பாட்டில் விடுவதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒன்றுதான். பொடியன் போனபின் நான் ஏழு மாதம் அவனுக்குத் தொலைபேசி எடுக்கவில்லை. அவனுக்கு இடம் கொடுக்கிறேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். உண்மையில் மறுபடியும் பிழைவிடப் பயந்தேன்.

ஆக, கொடுக்காமலிருப்பது தப்பிக்கும் வழி அல்ல. கொடுப்பவன் செய்யக்கூடியவை சில உண்டு. தன் கண்ணை அளவுகோலாக்காமல் இருக்கலாம். வந்த வழியை முதலில் கேட்கலாம். திரும்பி வரக்கூடிய சிறு அடிகளாக வைக்கலாம், பின்வாங்குவதைத் தோல்வியாக எண்ணாமல் இருக்கலாம். பார்ப்பவருக்காகப் போடும் வெளிச்சத்தையும் வாழ்பவருக்காகப் போடும் வெளிச்சத்தையும் பிரித்தறியலாம். இருட்டையும் ஒரு தேவையாக மதிக்கலாம்.

இவ்வளவும் எழுதியபிறகு ஓர் எச்சரிக்கை. அகதியையும் தொட்டி முருகையையும் ஒப்பிட்டுக் கவிதை எழுதுவது எங்களுக்கு மிகவும் சுலபம். பிடுங்கி எடுக்கப்பட்டு, பெட்டியில் அடைக்கப்பட்டு, அந்நிய விளக்கின் கீழ் வாழ்வது. கல்முருகைகளுக்கு எல்லை தாண்ட முறையான கடதாசி வேண்டும் என்பதைக்கூடச் சொல்லிச் சிரிக்கலாம். அந்த ஒப்பீட்டில் எனக்கு நம்பிக்கையில்லை. முருகைக்கு மொழியில்லை. அது சுருங்குவதையும் வெளிறுவதையும் பார்த்து நாம் ஊகிக்கவேண்டும். ஊகிப்பது தவிர அங்கே வேறு வழி இல்லை. மனிதனுக்கு வாய் இருக்கிறது. பொடியன் எனக்குத் தெளிவான தமிழில், மரியாதையோடு, எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று சொன்னான். நான் அவனை வாயில்லாத ஒன்றாக நடத்தினேன். என் குற்றம் அளவு பிழைத்தது அல்ல. அளவைச் சொன்னவனைக் கேளாதது.

*

ஏழு தலைகளில் ஆறு இறந்துவிட்டன. பின்பக்கம், கல்லின் நிழலில் நின்ற ஒன்று மட்டும் மூன்று மாதம் வெள்ளையாகவே கிடந்து, பிறகு வாயைச் சுற்றி மண்ணிறம் பிடித்தது. கையால் சிறுதுண்டு இறால் ஊட்டினேன். இப்போது அதன் அருகில் கடுகளவில் இன்னொரு வாய் பிளந்திருக்கிறது. விளக்கு இன்றைக்கு 27 வீதத்தில் நிற்கிறது. வருகிற திங்கள் பார்த்துவிட்டு 29 ஆக்கலாம், அல்லது அப்படியே விடலாம். இரவு ஒன்பது மணிக்குமேல் நீலம் மட்டும் என்பதற்கு முதலாளி உடன்பட்டுவிட்டார்.

போன மாதம் பொடியனுக்குத் தொலைபேசி எடுத்தேன். மன்னிப்புக் கேட்க ஒரு பேச்சைத் தயார்செய்து வைத்திருந்தேன். அவன் குரலைக் கேட்டதும் அதைச் சொல்லவில்லை, சொன்னால் அதுவும் ஒரு விளக்காகிவிடும் என்று பட்டது. வேலை எப்படி என்று கேட்டேன். பரவாயில்லை என்றான். வகுப்புக்குப் போகிறானா என்று நாக்கு நுனிவரை வந்தது.

"இடைக்கிடை எடுக்கட்டோ தம்பி?" என்று மட்டும் கேட்டேன்.

கொஞ்சநேரம் பேச்சில்லை. பிறகு, "மாசத்தில ஒருக்கா எடுங்கோ அண்ணை" என்றான்.

மாதத்தில் ஒருமுறை. நான் நினைத்ததைவிடக் குறைவு. கலண்டரில் குறித்துவைத்திருக்கிறேன்.